மஞ்சள் நூல் கட்டிய வரப்பு

போன மாதம் சென்னையிலிருந்து வந்த என் மகள் ஒரு பை மூலிகை கொண்டுவந்தாள். காயவைத்து உதிரியாகப் போட்ட கீழாநெல்லி. பையின் மேல் பச்சை மையில் ஓர் இலை. ரசாயனம் தெளிக்காதது, இயற்கை முறையில் விளைந்தது என்று மூன்று இடத்தில் அச்சிட்டிருந்தார்கள். கீழே ஒரு வட்ட முத்திரை. முப்பத்தெட்டு வருஷம் முத்திரை குத்திச் சம்பளம் வாங்கியவன் நான். முத்திரை குத்தியவன் எந்த வரப்பில் நின்று எந்தச் செடியைப் பார்த்தான் என்று எந்த முத்திரையும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதற்குத்தான் அது வட்டமாக இருக்கிறது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

மகள் பையை அவள் அம்மாவின் மடியில் வைத்தாள்.

"கீழாநெல்லின்னு எழுதியே இருக்கும்மா. இந்தத் தடவை எலை மாறாது. தைரியமா அரைச்சுக் குடு."

மாப்பிள்ளை சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். எங்கள் குடும்பத்தில் இது பழைய வேடிக்கை. நாலு வயதில் மகளுக்குக் காமாலை வந்தபோது, அம்மா ஏதோ ஒரு விஷச் செடியைக் கீழாநெல்லி என்று நினைத்துப் பறித்து அரைத்துக் கொடுத்துவிட்டாள். பிள்ளை செத்துப் பிழைத்தது. கல்யாண வீடுகளில் இதைச் சொல்வார்கள். என் அக்கா சாகும்வரை சொன்னாள். மகள் தன் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறாள்.

அது பொய். என் மனைவி தன் வாழ்நாளில் ஓர் இலையை இன்னோர் இலை என்று நினைத்ததில்லை. அந்தப் பொய்யை எழுதியவன் நான். மூன்று பிரதிகள் எடுத்து, தேதி போட்டு, எண் கொடுத்து, தபாலில் சேர்த்தவனும் நான்தான்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், அதாவது நாற்பத்தெட்டில், நான் குமாஸ்தாவாக வேலையில் சேர்ந்தேன். புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவுக்குள் போய்விட்டது. மகாராஜாவின் காகிதங்களைக் கட்டிப் பரணில் போட்டோம். அதே மேசையில் அதே மைக்கூட்டை வைத்துக்கொண்டு குடியரசை ஆளத் தொடங்கினோம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தபோது நான் ஓர் ஒன்றிய அலுவலகத்தில் தலைமை எழுத்தர். எந்த ஒன்றியம் என்று எழுதமாட்டேன். திருவரங்குளத்துக்கும் ஆவுடையார்கோவிலுக்கும் நடுவே எத்தனையோ ஊர் இருக்கிறது. அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் குடியிருந்தது அலுவலகத்திலிருந்து ஐந்து மைல் தள்ளி, ஒரு கண்மாய்க்குக் கீழே இருந்த சிற்றூரில். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ்.

என் மனைவி ஐந்தாவது வரை படித்தவள். ஆனால் செடி விஷயத்தில் அவளிடம் இருந்த ஒழுங்கு எங்கள் அலுவலகத்தில் எந்த மேசையிலும் இருந்ததில்லை. கீழாநெல்லி மாதிரி வரப்பில் மூன்று விதச் செடி நிற்கும். மூன்றுக்கும் இலை புளிய இலை போலத்தான். அவள் குனிந்து காம்பைப் புரட்டுவாள். இலைக்கு அடியில் கடுகு போலக் காய்கள் வரிசையாகத் தொங்கவேண்டும். தண்டு பச்சையாக இருக்கவேண்டும்; சிவப்பு ஓடியிருந்தால் விட்டுவிடுவாள். பாதையோரம் நிற்பதைத் தொடமாட்டாள். சுடுகாட்டுப் பக்கம், உவர் பூத்த மண், ஆட்டுக்கிடை போட்ட இடம் எதுவும் ஆகாது. இலையில் ஓட்டை இருந்தாலும் ஆகாது. பூச்சி தின்ற இலை பாதிச் சத்துப் போன இலை என்பாள். இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பறிக்கப் போவதற்கு முதல் நாளே செடிக்குக் காப்புக் கட்டவேண்டும். வெள்ளை நூலை மஞ்சளில் முக்கி உலர்த்தி, தண்டின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி முடிவாள். 'இன்ன பிள்ளைக்காக நாளைக்கு வாரேன், கோவிச்சுக்கிறாதே' என்று வாய்க்குள் சொல்வாள். மறுநாள் வெயில் ஏறுமுன் போய் வேரோடு பிடுங்குவாள். நூல் கட்டிய செடியை வேறு எவரும் தொடமாட்டார்கள். அது ஒருவர் ஒரு நோயாளிக்காகக் கேட்டு வைத்த செடி. அந்தப் பக்கத்து ஊர்களில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த எந்த விதியையும் விட இதை நன்றாகக் கடைப்பிடித்தார்கள்.

நான் கேலி செய்வேன். "செடிகிட்ட என்ன பெர்மிஷன் கேக்குறது?"

"நீங்க இன்டென்ட் போடாம ஸ்டோர்லேருந்து ஒரு குண்டூசி எடுப்பீங்களா?" என்பாள்.

கொண்டுவந்த செடியை ஏழு தண்ணீரில் அலசுவாள். மஞ்சள் இலை, பழுத்த காய், வேரில் தொங்கும் சல்லி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போடுவாள். மிளகாய் அரைத்த அம்மியில் மருந்து அரைக்கமாட்டாள். மருந்துக்கென்று ஒரு சின்ன அம்மி தனியாகக் கிடந்தது. பெரியவர்களுக்கு நெல்லிக்காய் அளவு, பிள்ளைகளுக்குச் சுண்டைக்காய் அளவு. காய்ச்சாத வெள்ளாட்டுப் பாலில் கலந்து, வெறும் வயிற்றில், மூன்று காலை. உப்பு, புளி, எண்ணெய் கிடையாது. மிச்சச் செடியை நிழலில் வெள்ளைத் துணி விரித்துக் காயவைத்து, கையால் நொறுக்கினால் சரசரவென்று உதிரும் பதத்தில் கலயத்தில் போட்டு வாயைக் கட்டுவாள். ஆவாரம்பூ, நன்னாரி வேர், வல்லாரை எல்லாம் அப்படித் தனித்தனிக் கலயத்தில் இருந்தன. ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் எங்கள் வாசலுக்கு வருவார்கள். ஆவூர்ப் பக்கத்திலிருந்து வந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சரம்மா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார், நன்னாரிக்கு.

அப்படியிருந்த ஒரு வருஷம், ஐப்பசியில், எங்கள் மகளுக்குக் கண் மஞ்சளித்தது. திங்கட்கிழமை சோறு வேண்டாம் என்றாள். செவ்வாய்க்கிழமை மூத்திரம் மஞ்சள் கரைத்ததுபோலப் போனது. பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கம்பவுண்டர் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு இங்க மருந்து இல்லை சார். கீழாநெல்லி குடுங்க. ஒங்க வீட்டம்மாவுக்குச் சொல்லித் தரணுமா?" என்றார். அவர் மகனுக்கு முந்தின வருஷம் கொடுத்தது என் மனைவிதான்.

இனி அலுவலகத்துக்கு வருகிறேன். நிதானமாக எழுத முயல்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை.

சம்பா நெல்லில் குருத்துப்பூச்சி விழுந்திருந்தது. எண்ட்ரின் என்ற பூச்சிமருந்து டின் டின்னாக வந்து இறங்கியது. உழவர்களுக்குத் தெளித்துக் காட்டவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தெளித்த வயலின் நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்துச் சிவப்புத் துணி கட்டவேண்டும். பதினைந்து நாள் மனிதரோ மாடோ இறங்கக்கூடாது. வரப்பில் புல் அறுக்கக்கூடாது. இதுவும் அதே உத்தரவில் ஐந்தாவது பத்தி. எனக்கு மனப்பாடம்.

சிவப்புத் துணி கேட்டு இன்டென்ட் போட்டேன். துணி எந்தச் செலவுத் தலைப்பில் வரும் என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. பதில் எழுதினேன். முளைக்குச்சி எந்தத் தலைப்பில் வரும் என்ற கேள்வியோடு மறுபடி வந்தது. வியாழக்கிழமை தெளிப்பு. புதன்கிழமை மத்தியானம் ஒன்றிய ஆணையர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், கோப்பு தன் மேசையில் தங்காதவரை.

"ஏதாவது வழி பண்ணுங்க ஹெட்கிளார்க். ஒங்களுக்குத் தெரியாத வழியா?"

அந்தப் புகழ்ச்சியில் நான் மயங்கினேன். ஸ்டோரில், ஏதோ விழாவுக்குத் தோரணம் கட்ட வாங்கிய மஞ்சள் நூல்கண்டு ஒரு பெட்டி மிச்சம் கிடந்தது. குறிப்பு எழுதினேன்: சிவப்புத் துணிக்குப் பதிலாக இருப்பில் உள்ள மஞ்சள் நூலைப் பயன்படுத்தலாம், வரப்போரச் செடிகளிலேயே கட்டிவிட்டால் முளைக்குச்சியும் தேவைப்படாது. ஆணையர் ஓரத்தில் 'நல்ல யோசனை' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். அன்று மாலை பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

மஞ்சள் நூலைச் செடியில் கட்டினால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? என் வீட்டுக் கொடியில் அது காயாத மாதம் இல்லை. ஆனால் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததும் வீட்டில் தெரிந்தது மறந்துபோகும்படி ஒரு பயிற்சி இருக்கிறது. நான் அதில் முதல் வகுப்பில் தேறியவன். 'இது விஷம், தொடாதே' என்று சொல்வதற்கு, 'இது நல்ல மருந்து, ஒரு பிள்ளைக்காகக் கேட்டு வைத்தது' என்று பொருள்படும் அடையாளத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஊரில் உள்ள எந்த முட்டாளும் இதைச் செய்திருக்கமாட்டான். படித்தவன் வேண்டியிருந்தது.

உத்தரவுப்படி தெளிப்பு நடக்கவேண்டிய வயல் மூன்று மைல் தள்ளி வேறொரு கண்மாய்க்குக் கீழே. அந்த வயல்காரர் அன்று காலை மறுத்துவிட்டார். "வெசத்தக் கொண்டாந்து எஞ்செய்யில ஊத்தாதீங்க" என்று வரப்பில் குறுக்கே படுத்துக்கொண்டாராம். அந்த ஒருவருக்குத்தான் அன்று புத்தி இருந்தது. உழவர்களுக்கு யோசனை சொல்லும் கிராம சேவக், புதிதாக வேலைக்கு வந்த பையன், கூட்டிவந்த ஆட்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் எங்கள் ஊர் வாய்க்கால் ஓரத்து வயல் ஒன்றில் தெளித்துக் காட்டிவிட்டான். இட மாற்றம் அவன் டைரியில் இருந்தது. டைரி மாதக் கடைசியில் என் மேசைக்கு வரும். அதுதான் நடைமுறை.

அதே வியாழக்கிழமை மத்தியானம், தெளிப்பதற்கு முன்னால், என் மனைவி அந்த வாய்க்கால் வரப்பில் ஐந்து செடிக்கு நூல் கட்டிவிட்டு வந்திருந்தாள். பிறகு மருந்து அடித்தார்கள். அடித்துவிட்டு, என் குறிப்பின்படி, வரப்பு நெடுக மஞ்சள் நூல் கட்டினார்கள்.

சாயங்காலம் மிச்ச டின்களும் தெளிப்பானும் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தன. நானே எண்ணிப் பார்த்து ஸ்டோரில் வைத்தேன். ஒரு டின் மூடி கசிந்து சட்டையில் பட்டது. வீடு முழுக்க அந்த வாடை. மண்ணெண்ணெயும் வேறு எதுவோ கெட்டுப்போனதும் கலந்த மாதிரி. அவள் சட்டையைக் கழற்றச் சொல்லி வெளியே கொடியில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் செடியோடு வரும்போது நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். அந்தப் பேச்சு எனக்கு ஓர் எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"ஏங்க, நம்ம மட்டும் இல்லை போல. வரப்புப் பூராவும் மஞ்ச நூலு கட்டிக் கெடக்கு."

"ம்."

"எத்தனை வீட்டுல காமாலையோ பாவம். நல்ல எடம்னுதான் அம்புட்டுப் பேரும் அங்கிட்டு வந்து கட்டியிருக்காங்க."

"சட்னி இருக்கா?"

"இந்தா பாருங்க, ஒரு எலையில ஓட்டை இல்லை. பூச்சியே அண்டாத செடி."

பார்த்தேன். அழகான செடி. அவள் தன் நூல் இருந்த ஐந்தை மட்டும் பிடுங்கியிருந்தாள். மற்ற நூல்களை அவள் தொடவில்லை. அவை வேறு யாருடைய பிள்ளைக்காகவோ கட்டியவை.

அலசும்போது மூக்கைச் சுருக்கினாள். "என்னமோ வாடை அடிக்குதே."

"நேத்திலேருந்து அடிக்குது. என் சட்டைதான்" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அவள் ஏழு தண்ணீர் அலசினாள். அந்த எண்ணெய் மருந்தை எழுபது தண்ணீரும் போக்காது. சுண்டைக்காய் அளவு அரைத்து ஆட்டுப் பாலில் கலந்து கொடுத்தாள். பத்து மணி வாக்கில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது.

சைக்கிளில் ஆள் வந்து சொன்னான். ஆணையர் ஜீப்பைக் கொடுத்தார். ஜீப்பில் ஏறும்போது லாக் புத்தகத்தில் காரணம் என்ன எழுதுவது என்று டிரைவர் கேட்டார். நான் 'அலுவல்' என்று எழுதச் சொன்னேன். பிள்ளை வலிப்பில் கிடக்கிறது என்று தெரிந்தும் அந்த வார்த்தை என் வாயில் தயாராக இருந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். மேலும் இரண்டு தடவை வலிப்பு. பிள்ளையின் கைகள் கட்டிலின் சட்டத்தில் அடித்துக்கொண்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

"என்ன குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"கீழாநெல்லிங்க" என்றாள் என் மனைவி.

"கீழாநெல்லி தின்னா வலிப்பு வராது. கண்ட எலையையும் பறிச்சுப் போட்டிருக்கே. படிக்காத ஜனங்க கையில பிள்ளையைக் குடுத்தா இதான்."

அவர் என்னைப் பார்த்துத்தான் கடைசி வாக்கியத்தைச் சொன்னார், படித்தவன் படித்தவனிடம் சொல்வதுபோல. நான் தலையை ஆட்டினேன். என் மனைவி அதைப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை மகள் கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். அன்று மாலை கிராம சேவக் ரொட்டி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். முகம் வெளிறியிருந்தது.

"சார், அம்மா எந்த வரப்புல பறிச்சாங்க?"

"வாய்க்கா வரப்பு. ஏன்?"

"அங்கிட்டுத்தான் சார் அடிச்சோம். எடம் மாறிப்போச்சு. நூலும் கட்டினோமே சார், நீங்க சொன்ன மாதிரி." வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "டாக்டர்கிட்ட சொல்லிரவா சார்?"

"இரு" என்றேன்.

பிள்ளைதான் கண் திறந்துவிட்டதே, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதி நானே ஒப்புதலும் கொடுத்துக்கொண்டேன். அந்தப் பையன் நான் சொன்னபடி இருந்தான். பெரியவர் சொன்னால் இருக்கத்தானே வேண்டும்.

ஒரு வாரத்தில் வீடு திரும்பினோம். காமாலை தானாகவே வடிந்தது. மறுநாள் காலை என் மனைவி வாய்க்கால் வரப்புக்குப் போனாள். திரும்பி வந்து என் முன்னால் ஒரு துண்டு மஞ்சள் நூலை வைத்தாள்.

"வாய்க்கால்ல நண்டெல்லாம் செத்துக் கெடக்கு. தவளையும்."

நான் செய்தித்தாளை மடிக்கவில்லை.

"இந்த நூலை மோந்து பாருங்க. மஞ்ச வாசமே இல்லை. கடைச் சாயம். வரப்புல கட்டியிருக்கிறது பூராவும் இதுதான். மருந்துக்குக் கட்டுறவங்க இப்படிக் கட்டமாட்டாங்க. இது யாரு கட்டுனது?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

நூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விஷம் என்றால் ஆஸ்பத்திரி மேலே எழுதும். எழுதியது. அந்தப் பக்கம் தெளிப்பு நடந்ததா என்று திருச்சியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு விளக்கம் கேட்டு வந்தது. இடம் மாறிய விஷயம் அதற்குள் தெரிந்துகொண்டிருந்த ஆணையர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"பாருங்க ஹெட்கிளார்க், எடத்தை மாத்தினவன் சின்னப் பய, வேற வேலை தேடிப் போயிருவான். ஆனா நூலுக்கு எழுதின குறிப்பு ஒங்க கையெழுத்து. என் ஒப்பம் ஓரத்துல சின்னதா இருக்கு, ஒங்களுது முழுசா இருக்கு. டாக்டரே எலை மாறிப்போச்சுன்னுதானே எழுதியிருக்கார்? நாம ஏன் அதுக்கு மேல போகணும்? நீங்களே டிராஃப்ட் போட்ருங்க. ஒங்க வீட்டு விஷயம்தானே."

போட்டேன். நல்ல டிராஃப்ட். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்ற முடியாது. குழந்தையின் தாயார், கீழாநெல்லி எனத் தவறாகக் கருதி, இனம் தெரியாத நச்சுச் செடியொன்றைப் பறித்து அரைத்துப் புகட்டியதன் விளைவாக. தெளிப்பு நடந்த வயல், அங்கீகரித்த திட்டப்படி, மூன்று மைல் தொலைவில். திட்டப்படி என்ற சொல் போதும். அது பொய்யும் இல்லை. தாயாரின் வாக்குமூலம் இணைப்பாக வேண்டும். அதையும் நானே எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அடுப்படியில் உட்கார்ந்து விரலை எழுத்துக்கு அடியில் வைத்து வைத்துப் படித்தாள். இரண்டாவது வரியில் விரல் நின்றது.

"இனம் தெரியாத செடியா?"

"அப்படித்தான் எழுதணும்."

"எனக்கா இனம் தெரியாது?"

நான் மைக்கூட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் கடைசிவரை படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"நூலைப் பத்தி ஒண்ணும் இல்லையே."

"அதுல நூலுக்கெல்லாம் எடம் இல்லை."

"இதுல போட்டா ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது."

கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடுவதுபோல எழுத்து எழுத்தாக. எல்லாம் தெரிந்துதான் போட்டாள் என்று எனக்கு அன்றே தெரியும். தெரியாததுபோல மை ஒற்றினேன்.

ஊர் சும்மா இருக்குமா? ஜீப் போனதையும் ஆஸ்பத்திரியையும் எல்லோரும் பார்த்தார்கள்; விளக்கத்தின் நகல் பஞ்சாயத்துக்கும் போனது. பிறகு எங்கள் வாசலுக்கு மருந்துக்கு எவரும் வரவில்லை. டீச்சரம்மா மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நன்னாரி கேட்கவில்லை, பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார். என் அக்கா வந்து ஒரு வாரம் தங்கி, "ஏண்டி, எலை தெரியாதவளுக்கு எதுக்குடி எட்டுக் கலயம்?" என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் சிவப்புத் துணி வந்தது. நான்தான் வரவழைத்தேன். மஞ்சள் நூல் மழையில் நைந்துவிடுவதாகக் காரணம் காட்டி, துணிக்கும் முளைக்குச்சிக்கும் சரியான தலைப்பைக் கண்டுபிடித்து, ஒரே மாதத்தில் ஒப்புதல் வாங்கினேன். அந்தத் தலைப்பு முன்பும் அதே புத்தகத்தில்தான் இருந்தது. புதன்கிழமை மத்தியானம் இன்னும் அரை மணி நேரம் புரட்டியிருந்தால் கிடைத்திருக்கும். என்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்தில் பெரும்பங்கு அந்த அரை மணி நேரத்துக்கு உரியது. மிச்சம் சட்னி கேட்டதற்கு.

என் மனைவி மருந்துச் செடியை விடவில்லை. கிணற்றடியில் தண்ணீர் ஓடும் இடத்தில் நாலு முழம் மண்ணைக் கொத்தி, சாணி எருவும் சாம்பலும் போட்டு, தானே விதை தூவி வளர்த்தாள். எங்கள் வீட்டுக்கு மட்டும். அதில் நூல் கட்டுவதில்லை. ஒரு விதியை மட்டும் தலைகீழாக மாற்றிக்கொண்டாள். ஓட்டை விழுந்த இலையாகப் பார்த்துத்தான் கிள்ளுவாள். பூச்சி தின்றிருக்கவேண்டும், தின்ற பூச்சி இலைக்கு அடியில் உயிரோடு இருந்தால் இன்னும் நல்லது. "இது சாப்ட்டு நல்லாத்தானே இருக்கு" என்று பூச்சியைத் தட்டிவிட்டுப் பறிப்பாள். ஊர் மாறி ஊர் போனோம், கீரனூரில் கூட நாலு வருஷம் இருந்தோம். எங்கு போனாலும் கிணற்றடியில் நாலு முழம் கொத்தினாள். ஒரு மகள், தன் அம்மாவுக்கு இலை தெரியாது என்று நம்பிக்கொண்டே, அந்த அம்மா வளர்த்த இலையைத் தின்று பெரியவளானாள்.

இந்தத் தடவை, மகளும் மாப்பிள்ளையும் ஊருக்குக் கிளம்பிய பிறகு, என் மனைவி அந்தப் பையைக் கத்தரித்து முறத்தில் கொட்டினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு நாழிகை கிளறினாள். இலைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஒண்ணுல கூட ஓட்டை இல்லை" என்றாள்.

"முத்திரை இருக்கே."

"முத்திரை நீங்க குத்துனதுலயும் இருந்துச்சு."

முறத்தை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் தட்டினாள். வாடிக்கையான குரலில்தான் சொன்னாள், கோபமே இல்லை. இத்தனை வருஷத்தில் கோபத்தை எல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. அன்றைக்கு மத்தியானம்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மகளுக்கு அனுப்பவேண்டும். அவள் தன் பிள்ளைகளுக்குச் சொன்னதைத் திருத்திச் சொல்லவேண்டும்.

எழுதி முடித்து, முதலில் என் மனைவியிடம் கொடுத்தேன். விரலை அடியில் வைத்துத்தான் இன்றைக்கும் படிக்கிறாள். ஒரு பொழுது முழுக்கப் படித்தாள்.

"நூலைப் பத்தி இருக்கு" என்றாள்.

"இருக்கு."

"ஒரு எடம் தப்பு. நூலு கட்டிக் கெடக்குன்னு நான் ஒரு தடவை சொன்னேன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு தடவை சொன்னேன். பஸ்ஸுக்குப் போறப்ப வாசல் வரைக்கும் வந்து சொன்னேன். 'ஒரு வரப்புல இம்புட்டு நூலு நான் பாத்ததே இல்லைங்க, என்னன்னு விசாரிங்க'ன்னேன். நீங்க கொடை எங்கேன்னு கேட்டீங்க."

எனக்கு அது ஞாபகம் இல்லை. ஓர் எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், என் ஞாபகத்தின் தரம் மகளுக்குத் தெரியட்டும்.

"நீயும் ஒரு கையெழுத்துப் போடுறியா?" என்று கேட்டேன்.

"நான் ஒரு தடவை போட்டது போதும். நீங்க போடுங்க" என்றாள்.